பில்லி பீனின் பேரேடு

2004 டிசெம்பர் 16 ஆம் திகதி, அமெரிக்காவின் ஒக்லண்ட் நகரத்து பேஸ்போல் கழகமான அத்லெட்டிக்ஸ், தனது முதல்தரப் பந்துவீச்சாளர் டிம் ஹட்சனை அட்லாண்டா கழகத்துக்குக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, 18 ஆம் திகதி, அவருக்குச் சற்றும் குறையாத புகழுடைய மார்க் மல்டரை சென். லூயிஸ் கழகத்துக்குக் கொடுத்தது. இரண்டையும் செய்தவர் கழகத்தின் பொது முகாமையாளர் பில்லி பீன். இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான். இரண்டு தடவையும் ஒரு பெரிய வீரருக்கு ஈடாக, அதிகம் பெயர் பெறாத மூவர் வந்து சேர்ந்தார்கள். இன்று திரும்பிப் பார்ப்பவர்கள் முதலாவதைப் பீனின் மிக மோசமான பரிமாற்றங்களில் ஒன்றென்றும், இரண்டாவதை அவரது மிகச் சிறந்த பரிமாற்றங்களில் ஒன்றென்றும் எழுதுகிறார்கள். ஒரே மேசை, ஒரே மனிதர், ஒரே வாரம்.

இந்தச் செய்தி என்னை உறுத்துவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றுண்டு. விளையாட்டுப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த நாள்களில், கிரிக்கெட் தெரிவுக்குழுவின் முடிவொன்றை “மாபெரும் தவறு” என்று தலைப்பிட்டேன். இரண்டு வாரத்தில் அந்த வீரர் சதமடித்தார். மறுநாள் “தெரிவாளர்களின் தீர்க்கதரிசனம்” என்று தலைப்பிட்டதும் நானேதான். இரண்டையும் ஒரே கை எழுதியது என்பதை வாசகர் ஒருவரும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரனுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை முகாமையாளர்களுக்குக் கிடைப்பதில்லை.

பேஸ்போல் பற்றி அதிகம் அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். ஐ.பி.எல். போல அங்கே வீரர்களை ஏலம் போடுவதில்லை. ஓர் இளம் வீரர் உயர்நிலை லீக்குக்கு வந்து சேர்ந்தால் அவரது முதல் ஆறு பருவகாலங்களும் கழகத்துக்கே உரியவை. பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளில் குறைந்தபட்ச ஊதியத்தையொட்டிய தொகையே கிடைக்கும். அடுத்த மூன்று ஆண்டுகளில், இணக்கம் ஏற்படாவிட்டால், நடுத்தீர்ப்பாளர் ஊதியத்தை நிர்ணயிப்பார். அதன்பின் வீரர் சுதந்திரமானவர். அதிக விலை தருபவரிடம் போகலாம். ஆகவே இரண்டு கழகங்கள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது உண்மையில் மாற்றிக்கொள்வது காலத்தைத்தான். இவரிடம் எனக்கு எத்தனை ஆண்டுகள் மிச்சமிருக்கின்றன, அவற்றுக்கு நான் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதே பேரத்தின் உள்ளடக்கம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்குகள் எளிதாகும்.

ஒக்லண்டுக்கு இந்தக் கணக்கில் நீண்ட வரலாறு உண்டு. 1972, 73, 74 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து உலகத் தொடரை வென்ற கழகம் அது. உரிமையாளர் சார்ள்ஸ் பின்லி தாமே முகாமையாளர் வேலையையும் பார்த்தவர். வீரரைக் காலவரையின்றிக் கட்டிவைத்திருந்த பழைய விதி 1975 இன் இறுதியில் நடுத்தீர்ப்பொன்றால் உடைந்தது. சுதந்திரம் பெற்றுச் சும்மா போகப்போகும் வீரர்களை முன்கூட்டியே விற்றுவிட பின்லி நினைத்தார். 1976 ஜூனில் வைடா புளூவை நியூயோர்க் யாங்கீஸுக்கு 15 இலட்சம் டொலருக்கும், ரோலி பிங்கர்ஸ், ஜோ ரூடி ஆகிய இருவரையும் பொஸ்டனுக்கு ஆளுக்கு 10 இலட்சம் டொலருக்கும் விற்றார். பேஸ்போல் ஆணையாளர் போவி கூன், விளையாட்டின் நலனுக்கு மாறானது என்று அந்த விற்பனைகளை இரத்துச் செய்தார். பிங்கர்ஸும் ரூடியும் அந்தப் பருவகாலம் முடிந்ததும் ஒரு சதமும் தராமல் வெளியேறினார்கள். பின்லியை அக்காலப் பத்திரிகைகள் கருமி என்றே வர்ணித்தன. அவர் கருமிதான். ஆனால் புதிய விதியின் பொருள் என்ன என்பதை மற்றவர்களுக்கு முன்னர் விளங்கிக்கொண்டவரும் அவரே.

1980 இல் கழகத்தை வாங்கிய ஹாஸ் குடும்பம் மறுதிசையில் போனது. தாராளமாகச் செலவழித்தது, 1989 இல் கிண்ணத்தை வென்றது. 1991 இல் முழு லீக்கிலும் அதிக ஊதியம் கொடுத்த கழகம் ஒக்லண்ட் என்று சொன்னால் இன்று பலர் நம்பமாட்டார்கள். “சிறிய சந்தை, ஏழைக் கழகம்” என்ற சொற்றொடர் பிற்காலத்தில் ஓர் இயற்கை விதிபோல எழுதப்பட்டது. அது இயற்கை விதியல்ல. வோல்ற்றர் ஹாஸ் 1995 இல் மறைந்தார். அதே ஆண்டில் கழகம் கைமாறியது. புதிய உரிமையாளர்கள் பணப்பையின் கயிற்றை இறுக்கினார்கள். 1997 இல் பொது முகாமையாளரான பீனுக்குக் கிடைத்தது அந்த இறுகிய பை.

அவர் அதைக்கொண்டு செய்தவை மைக்கல் லூயிஸின் “மணிபோல்” நூலாலும் (2003), பிராட் பிட் நடித்த திரைப்படத்தாலும் (2011) உலகறிந்தவை, விரித்துரைக்கத் தேவையில்லை. 2001 முடிவில் ஜேசன் ஜியாம்பி 7 ஆண்டுகளுக்கு 120 மில்லியன் டொலருக்கு யாங்கீஸிடம் போனார். ஜொனி டேமன் பொஸ்டனுக்குப் போனார். அடுத்த ஆண்டு, ஏறத்தாழ 40 மில்லியன் டொலர் ஊதியத்துடன் ஒக்லண்ட் பெற்ற வெற்றிகள் 103. அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் செலவழித்த யாங்கீஸ் பெற்றதும் அதே 103. நூலில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு விடயம் இதில் உண்டு. வெளியேறிய வீரர்களுக்கு இழப்பீடாக, புதுமுகத் தெரிவில் மேலதிக இடங்கள் கிடைத்தன. 2002 இல் முதல் 39 தெரிவுகளில் 7 ஒக்லண்டுக்கு உரியவை. டேமன் போனதால் நிக் சுவிஷர் வந்தார். ஜியாம்பி போனதால் ஜோ பிளான்டன் வந்தார். ஒரு வீரரைச் “சும்மா” விட்டுவிடுவதும் பீனின் பேரேட்டில் ஒரு வகைப் பரிமாற்றந்தான்.

இனி அந்த டிசெம்பருக்கு வருவோம். ஹட்சன், மல்டர், பாரி ஸீட்டோ ஆகிய மூவரும் ஒக்லண்டின் தூண்கள். 2004 முடிவில் ஹட்சன் அங்கே 92 வெற்றிகளையும் மல்டர் 81 வெற்றிகளையும் பெற்றிருந்தனர். ஸீட்டோ 2002 இல் 23 வெற்றிகளுடன் சை யங் விருது பெற்றவர். ஆயினும் 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும் முதற்சுற்றிலேயே, ஒவ்வொரு முறையும் ஐந்தாவது ஆட்டத்தில், கழகம் தோற்றது. 2004 இல் ஒரேயொரு வெற்றி குறைந்ததால் அந்தச் சுற்றுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. ஹட்சனுக்கு மிச்சம் ஓராண்டு. மல்டருக்கும் ஸீட்டோவுக்கும் இரண்டாண்டுகள். மூவரையும் சந்தை விலையில் வைத்திருக்கப் பணமில்லை. பீன் ஒருவரை அட்லாண்டாவுக்கும் ஒருவரை சென். லூயிஸுக்கும் கொடுத்துவிட்டு, மூன்றாமவரைக் கடைசிவரை வைத்திருந்தார். விஞ்ஞானிகள் ஆய்வுகூடத்தில் அமைக்க விரும்பும் பரிசோதனை ஒன்று தானாகவே அமைந்துவிட்டது.

ஹட்சனுக்கு ஈடாக வந்தவர்கள் ஹுவான் குரூஸ், டான் மேயர், சார்ள்ஸ் தோமஸ். மூவரும் பொய்த்துப்போனார்கள். மூவருள் அதிகம் எதிர்பார்க்கப்பட்ட மேயரைத் தோள் உபாதை வாட்டியது. ஒக்லண்ட் சீருடையில் அவர் ஒரு வெற்றியும் பெறவில்லை. ஹட்சனோ 2005 முதல் 2013 வரை அட்லாண்டாவில் 113 வெற்றிகளைக் குவித்தார். 113 க்கு ஈடாகப் பூச்சியம் என்று எழுதுவது எளிது. பலர் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு பிழையானது. ஒக்லண்ட் கொடுத்தது ஹட்சனின் ஓராண்டை மட்டுமே. அந்த ஆண்டில், அதாவது 2005 இல், அவர் பெற்றவை 14. எஞ்சிய 99 வெற்றிகளை அட்லாண்டா, 2005 மார்ச்சில் 4 ஆண்டுகளுக்கு 47 மில்லியன் டொலர் என்று தொடங்கிய புதிய ஒப்பந்தங்களால் தன் பணத்தில் வாங்கியது. அந்தப் பணத்தைக் கொடுக்க ஒக்லண்டின் உரிமையாளர்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. அவர்கள் கொடுக்காததைப் பீனின் தலையில் எழுத முடியாது.

மல்டரின் கதை வேறு. சென். லூயிஸில் முதலாண்டில் 16 வெற்றிகள் பெற்றார். இரண்டாமாண்டில் தோள் பழுதடைந்து 6 உடன் நின்றார். அதன்பின் உயர்நிலை லீக்கில் ஒரு வெற்றிகூட அவருக்கு வாய்க்கவில்லை. ஈடாக வந்த டான் ஹேரன் மூன்று பருவகாலங்களில் 14, 14, 15 என்று 43 வெற்றிகள் தந்தார். 2007 நட்சத்திர ஆட்டத்தில் அமெரிக்க லீக்கின் தொடக்கப் பந்துவீச்சாளர் அவரே. உடன் வந்த டாரிக் பார்ட்டனும் கிகோ கலேரோவும் பயன்பட்டார்கள். மல்டரின் தோள் உள்ளே தேய்ந்துகொண்டிருந்தது பீனுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. 2004 இன் பிற்பகுதியில் அவர் தடுமாறியதை எல்லோருமே கண்டார்கள், சென். லூயிஸ்காரர்களும் கண்டார்கள். மேயரின் தோள் கெட்டது துரதிர்ஷ்டம் என்றால் மல்டரின் தோள் கெட்டது அதிர்ஷ்டம். ஒன்றை மன்னித்து மற்றதைப் புகழ்வது நியாயமாகாது.

ஸீட்டோவை விற்காமல் வைத்திருந்ததன் பலனை 2006 இல் கழகம் கண்டது. 16 வெற்றிகள் பெற்றார். மினசோட்டாவுக்கு எதிரான சுற்றின் முதலாட்டத்தில் ஜொஹான் சன்டானாவை வீழ்த்தினார். பீன் பொது முகாமையாளராக இருந்த காலத்தில் ஒக்லண்ட் முதற்சுற்றைத் தாண்டியது அந்த ஒரேயொரு முறைதான். அடுத்த சுற்றில் டெட்ரொயிட்டிடம் நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது. பருவகாலம் முடிந்ததும் ஸீட்டோ விரிகுடாவின் மறுகரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸிடம் 7 ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டொலருக்குப் போனார். அந்த ஏழாண்டுகளில் 63 வெற்றிகள், 80 தோல்விகள். ஒக்லண்டுக்கு மூன்று வழிகளுள் இதுவே சிறந்ததாயிற்று என்று நான் கருதுகிறேன். ஆனால் ஜயன்ட்ஸ் இரசிகர்களிடம் அந்தப் பணம் வீணா என்று கேட்டால், 2012 உலகத் தொடரின் முதலாட்டத்தில் அவர் ஜஸ்டின் வெர்லாண்டரை வென்றதைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயமிருக்கிறது.

கணக்கை எங்கே மூடுவது என்பது இதைவிடச் சிக்கலானது. 2007 டிசெம்பரில் ஹேரனை அரிசோனாவுக்குக் கொடுத்துப் பீன் ஆறு இளைஞர்களைப் பெற்றார். அவர்களுள் ஒருவர் கார்லோஸ் கொன்ஸாலெஸ். மல்டரில் தொடங்கிய சங்கிலி ஆறு கிளைகளாக விரிந்த அந்த நாளில் கணக்கை மூடியிருந்தால் பீனை மேதை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த ஆண்டே, 2008 நவம்பரில், கொன்ஸாலெஸையும் ஹூஸ்டன் ஸ்ட்ரீட், கிரெக் ஸ்மித் ஆகியோரையும் கொலராடோவுக்குக் கொடுத்து மட் ஹொலிடேயைப் பெற்றார். ஹொலிடேக்கு மிச்சம் ஓராண்டு. அந்த ஆண்டும் முழுமையாக நிற்கவில்லை. 2009 ஜூலையில் அவர் சென். லூயிஸுக்குப் போய்விட்டார். வந்த இளைஞர்களால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் விளையவில்லை. 2010 இல் தேசிய லீக்கின் துடுப்பாட்ட விருதை .336 சராசரியுடன் வென்றவர் கொன்ஸாலெஸ்.

இதை நான் தவறு என்று சொல்கிறேன். காரணம் கொன்ஸாலெஸின் பிற்காலச் சாதனை அல்ல. அந்த நவம்பரில் பீனின் மேசையில் இருந்த தாள்களே போதுமானவை. கழகம் அப்போதுதான் 75 வெற்றிகள், 86 தோல்விகளுடன் பருவகாலத்தை முடித்திருந்தது. எதிர்காலத்துக்காகச் சேமித்துக்கொண்டிருந்த ஒருவர், ஓராண்டில் போய்விடக்கூடிய நட்சத்திரத்துக்காகப் பல ஆண்டுகள் மலிவாகக் கிடைக்கவிருந்த இளைஞரைக் கொடுத்தார். காலத்தை வாங்கி விற்பவர் தனது சரக்கின் விலையை மறந்த தருணம் அது. 2014 நவம்பரில் ஜோஷ் டொனல்ட்சனை ரொரண்டோவுக்குக் கொடுத்ததும் அந்த வகைதான். சந்தை விலைக்குப் போக அவருக்கு இன்னும் நான்கு பருவகாலங்கள் இருந்தன. மறு ஆண்டு அவர் அமெரிக்க லீக்கின் அதிமதிப்புமிக்க வீரர். ஒக்லண்ட் 68 வெற்றிகளுடன் தன் பிரிவில் கடைசி. விருது வராமல் போயிருந்தாலும் நான்கு ஆண்டுகளை அத்தனை விரைவில் கைவிட்டது சரியாகியிராது.

ஆனால் மக்கள் அதிகம் ஏசுவது இவற்றையல்ல, 2014 ஜூலையைத்தான். அம்மாத இறுதியில் ஒக்லண்ட் 66 வெற்றிகள், 41 தோல்விகளுடன் லீக்கிலேயே முதலிடம். எப்போதும் நாளைக்காக இன்றை விற்றவர் என்று பெயர்பெற்ற பீன், அந்த ஒரு மாதம் இன்றுக்காக நாளையை விற்றார். அடிசன் ரசல் என்ற இளைஞரைச் சிக்காகோ கப்ஸுக்குக் கொடுத்து ஜெப் சமார்சியாவையும் ஜேசன் ஹமெலையும் வாங்கினார். பின்னர் ஜூலை 31 இல், அதிரடி வீரர் யொயனிஸ் செஸ்பெடிஸைப் பொஸ்டனுக்குக் கொடுத்து ஜொன் லெஸ்டரைப் பெற்றார். அதன்பின் கழகம் 22 வென்று 33 தோற்றது. ஒற்றை ஆட்டத் தகுதிச் சுற்றுக்கு மட்டுமே வந்து சேர்ந்தது. செப்டெம்பர் 30 இரவு, கன்சாஸ் சிட்டியில், எட்டாம் இன்னிங்ஸ் தொடங்கும்போது ஒக்லண்ட் ஏழுக்கு மூன்று என்று முன்னணியில். பந்து லெஸ்டரின் கையில். பன்னிரண்டாம் இன்னிங்ஸில் ஒன்பதுக்கு எட்டு என்று தோற்றது. அன்று பந்துபிடிப்பாளராக இறங்கிய ஜியோவனி சோட்டோ முதல் இன்னிங்ஸிலேயே காயமடைந்து வெளியேறியிருந்தார். ரோயல்ஸ் வீரர்கள் ஏழு முறை தளங்களைத் திருடினார்கள். ஒரு முகாமையாளரின் வாழ்நாள் துணிச்சல் ஒரு கட்டைவிரல் காயத்தில் தொங்கியதென்றால் மிகையாகாது.

அந்த முடிவை நான் பிழை என்று சொல்லமாட்டேன். முதலிடத்தில் நிற்கும் கழகம் பந்துவீச்சைப் பலப்படுத்தாமல் எப்போது பலப்படுத்துவது? ரசலும், அவ்வாண்டு முடிவில் கப்ஸில் சேர்ந்த லெஸ்டரும், அங்கேயே திரும்பிப்போன ஹமெலும் 2016 இல் அந்தக் கழகத்துடன் கிண்ணம் வென்றது வேடிக்கையான பின்னிணைப்பு; தீர்ப்புக்கு அது சாட்சியமல்ல.

செலவைப் பற்றி ஒரு சொல். பீன் காலத்தில் ஒக்லண்ட் பெரும் தொகை கொடுத்து வைத்துக்கொண்ட வீரர் எரிக் சாவேஸ் மட்டுமே: 2004 மார்ச்சில் 6 ஆண்டுகளுக்கு 66 மில்லியன். அதற்குச் சற்று முன்னர், 2002 இன் அதிமதிப்புமிக்க வீரரான மிகேல் டெஹாடாவை பால்டிமோர் 72 மில்லியனுக்குக் கொண்டுபோனது. டெஹாடா முதலாண்டிலேயே 150 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தார். சாவேஸின் உடல் 2007 முதல் ஒத்துழைக்கவில்லை. 2008 இல் 23 ஆட்டங்கள், 2009 இல் 8. ஒருவருக்கு மட்டும் கொடுக்க அனுமதியிருந்தால் அந்த ஒருவர் முறிந்தால் எல்லாம் முறியும். பணமுள்ள கழகம் இத்தகைய தவறை அடுத்த ஆண்டே இன்னொரு காசோலையால் மறைத்துவிடும். 2002 இல் பொஸ்டன் பீனை அழைத்தது. 5 ஆண்டுகளுக்கு 12.5 மில்லியன் என்று பேசி முடித்தபின் அவர் மனம் மாறினார். அங்கே போயிருந்தால் அவரது பேரேட்டை நாம் எப்படி வாசித்திருப்போம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவரது சாமர்த்தியத்துக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது என்பது என் அபிப்பிராயம். குறைந்த பணத்தில் வெல்லலாம் என்று அவர் நிரூபிக்க நிரூபிக்க, அதிக பணம் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு உரிமையாளர்களிடம் பதில் தேடும் அவசியம் இல்லாமற்போனது. 2005 இல் கழகத்தை வாங்கிய தரப்பிலிருந்த ஜோன் பிஷர் 2016 இலிருந்து முன்னணி உரிமையாளர். பீன் 2015 இல் பொது முகாமையாளர் பதவியை டேவிட் போர்ஸ்டிடம் கொடுத்து மேலே போனார்; 2022 இல் ஆலோசகரானார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் மட் ஓல்சன், மட் சப்மன், கிறிஸ் பசிட் எல்லோரும் விற்கப்பட்டார்கள். 2023 இல் கழகம் 50 வென்று 112 தோற்றது. சாவேஸுக்குக் கொடுத்த 66 மில்லியனைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் லூயிஸ் செவரீனோவுக்கு 2024 டிசெம்பரில் கிடைத்த 67 மில்லியன். இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து அது வந்தபோது கழகம் ஒக்லண்டை விட்டே போயிருந்தது.

2015 செப்டெம்பர் 26 ஆம் திகதி, ஒக்லண்ட் கொலிசியம் மைதானத்தில் ஒரு விசித்திரமான ஆட்டம் நடந்தது. ஓய்வை நெருங்கிய ஹட்சன் ஜயன்ட்ஸ் சீருடையில்; முந்திய ஆண்டுதான் அக்கழகத்துடன் தன் ஒரேயொரு கிண்ணத்தை வென்றிருந்தார். எதிரே, கீழ்நிலை லீக்கிலிருந்து மீண்டு வந்த ஸீட்டோ, மறுபடியும் ஒக்லண்ட் சீருடையில். மல்டரும் வந்திருந்தார். பந்துவீச்சாளர் இருவரும் வெகுநேரம் நிலைக்கவில்லை. ஜயன்ட்ஸ் பதினான்குக்குப் பத்து என்று வென்றது. மக்கள் எழுந்து நின்று மூவருக்கும் கைதட்டினார்கள். சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 இல் அதே திகதியில், அதே மைதானத்தில் 46,889 பேர் கூடினார்கள். டெக்ஸஸை மூன்றுக்கு இரண்டு என்று ஒக்லண்ட் வென்றது. ஆட்டம் முடிந்தும் பலர் ஆசனங்களை விட்டு எழவில்லை. கழகம் அடுத்த பருவகாலத்தை சக்ரமென்டோவுக்கு அருகிலுள்ள கீழ்நிலை லீக் மைதானம் ஒன்றில், லாஸ் வேகாஸில் புதிய மைதானம் எழும்வரை என்ற ஏற்பாட்டில், தொடங்கியது.